வற்றிப் போகும் ஆற்றில் ஊசித்தட்டான் பார்ப்பது எப்படி

ஓமலூரைத் தாண்டி சரபங்கா ஆற்றில் ஒரு சின்னத் தடுப்பணை இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு புங்க மரத்தில் ஆரம்பித்து அடுத்த புங்க மரம் வரை நடந்தால் ஐம்பது எட்டு வரும். ஒன்பது வருடமாக, மாதத்துக்கு இரண்டு ஞாயிறு, நான் ஊசித்தட்டான் பார்ப்பது அந்த ஐம்பது எட்டுக்குள்தான். மற்ற நாளெல்லாம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறையில் கண்ணி பற்ற வைக்கிற வேலை. நெல்மணியை விடச் சின்னக் கண்ணிகளைப் பார்த்தே பழகிய கண் என்பதால், பெரிய தட்டான்களை விட்டுவிட்டு இந்த ஊசி மாதிரி இருப்பவற்றின் மேல் மனசு போய்விட்டது.

புதிதாகப் பார்க்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஊர் ஊராக அலையாதீர்கள் என்பதுதான். ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு வருடம் முழுக்க அங்கேயே போங்கள். சரபங்கா சேர்வராயன் மலையில் பிறந்து ஓமலூர், எடப்பாடி வழியாகக் காவிரிக்குப் போகிற ஆறு. மழைக்கு ஓடும், பிறகு குட்டை குட்டையாகத் தேங்கும், சித்திரையில் வெறும் மணலாகக் கிடக்கும். பூலாம்பட்டிப் பக்கம் காவிரிக்கரையில் எப்போது போனாலும் தண்ணீர் உண்டு, ஊசித்தட்டானும் உண்டு. ஆனால் கற்றுக்கொள்ள வற்றுகிற ஆறுதான் நல்லது. தண்ணீர் ஒரு முழம் இறங்கினால் எந்த வகை போகிறது, எது வருகிறது என்று அது அப்படியே காட்டிவிடும்.

ஊசித்தட்டானை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. குண்டுத் தட்டான் உட்காரும்போது நான்கு சிறகையும் விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டான் முதுகுக்கு மேல் சேர்த்து மடித்துக்கொள்ளும். குண்டுத் தட்டானின் கண்கள் பெரும்பாலும் நடுவில் வந்து ஒட்டிக்கொள்ளும். ஊசித்தட்டானின் தலை சுத்தியல் மாதிரி, கண்கள் இரண்டும் இரண்டு ஓரத்தில். பறப்பதும் தண்ணீர் மட்டத்தை ஒட்டி, புல்லுக்குப் புல் தாவிக்கொண்டே. சிறகை மடிக்காமல் பாதி விரித்து உட்காரும் வகை ஒன்றும் ஊசித்தட்டானிலேயே உண்டு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அது கோடைக்காலத்து ஆள்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை விட ஓரம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கோரையும் சம்பும் தண்ணீருக்குள் இறங்கி நிற்க வேண்டும். ஒரு பக்கம் வெயிலும் ஒரு பக்கம் நிழலும் விழ வேண்டும். தண்ணீர் கொஞ்சமாவது நகர்கிற மடை ஒன்று இருந்தால் நல்லது, ஓடுகிற தண்ணீருக்கென்றே சில வகைகள் உண்டு. சுத்தமாகச் செதுக்கி கான்கிரீட் போட்ட கரையில் ஒன்றும் தங்காது. ஒரு வருடம் ஆனி மாதத்தில் பொக்லைன் வந்து நான் பார்க்கும் இடத்தின் கோரையை வேரோடு வழித்துப் போட்டுவிட்டது. அடுத்த ஞாயிறு போனேன். தண்ணீர் அப்படியே இருந்தது, தட்டான் ஒன்றுகூட இல்லை. உட்காரக் குச்சி இல்லை, முட்டை வைக்கத் தண்டு இல்லை. கோரை மறுபடி முழங்கால் உயரம் வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் திரும்பின. அன்று கரையில் உட்கார்ந்து நான் பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை.

போகிற நேரம் காலை எட்டரையிலிருந்து பதினொன்றரை. வெயில் ஏறி உடம்பு சூடானால்தான் இவை பறக்கும். சித்திரை வைகாசியில் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். மேகம் மூடினால் அடங்கிவிடும், வெயில் வந்ததும் மறுபடி கிளம்பும். அதனால் மப்பாக இருந்தால் உடனே திரும்பி வந்துவிடாமல் கொஞ்சம் உட்கார்ந்திருங்கள்.

கிட்டே போகும்போது சூரியனைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிழல் மேலே விழுந்தால் அது போய்விடும். நின்றுகொண்டு குனியாமல், நாலடி தள்ளியே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, அப்புறம் மெதுவாக நகர்ந்து போங்கள். பறந்துவிட்டால் துரத்த வேண்டாம். இருந்த இடத்திலேயே இருங்கள், பெரும்பாலும் அதே தண்டுக்கு அல்லது பக்கத்துத் தண்டுக்கு வந்துவிடும். பைனாகுலர் வாங்குவதென்றால் ஆறடி தூரத்தில் இருப்பதும் தெளிவாகத் தெரிகிற வகையாகக் கேட்டு வாங்குங்கள். பறவை பார்ப்பதற்கான சாதாரண பைனாகுலர் இவ்வளவு கிட்டத்தில் மங்கலாகத்தான் காட்டும். அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான் முதல் மூன்று வருடம் கண்ணையும் செல்போனையும் வைத்துத்தான் பார்த்தேன். படம் எடுக்கும்போது பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும்போது இரண்டும் தேவைப்படும்.

எதைப் பார்ப்பது? நிறம் முதலில் கண்ணைப் பறிக்கும், ஆனால் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். நான் வாலில் ஆரம்பிப்பேன். ஊசித்தட்டானின் வாலில் பத்துக் கண்ணி இருக்கிறது, கொலுசு மாதிரி ஒன்றோடு ஒன்று கோத்தது. நுனியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள், அதுதான் சுலபம்: பத்து, ஒன்பது, எட்டு. நீலம் எட்டாவது கண்ணியில் மட்டும் இருக்கிறதா, எட்டு ஒன்பது இரண்டிலும் இருக்கிறதா, வாலே முழுக்க ஒரே நிறமா? அப்புறம் முதுகுக் கோடு, கண்ணின் நிறம், காலின் நிறம், கடைசியாகச் சிறகு நுனியில் இருக்கும் சின்னப் பொட்டு. இந்த வரிசையை மாற்றாமல் பார்த்துப் பழகினால், பறந்து போன பிறகும் நினைவில் நிற்கும்.

எங்கள் பக்கம் முதலில் பழக வேண்டியவை மூன்று. கோரமண்டல் மார்ஷ் டார்ட் என்பது மஞ்சள் வாலும் பச்சை கலந்த கண்ணுமாக, புல் இருக்கிற குட்டை எங்கும் இருக்கும். அரைத்த பசு மஞ்சளைத் தடவியது போன்ற மஞ்சள், தப்பவே தப்பாது. அடுத்தது கோல்டன் டார்ட்லெட், அதை விடச் சின்னது. மஞ்சள் வாலின் நுனியில் நீலம், முதுகில் கறுப்பும் பச்சையும். இரண்டு அங்குலப் புல்லுக்குள்ளேயே இதன் வாழ்க்கை, அதனால் தரையோடு தரையாகக் குனிந்து பார்க்க வேண்டும். மூன்றாவது செனகல் கோல்டன் டார்ட்லெட். ஆணுக்கு முதுகில் பச்சையும் கறுப்பும், கறுத்த வாலின் எட்டாவது கண்ணியில் மட்டும் ஒரு நீல வளையம்.

இந்த மூன்றாவதுதான் எனக்குப் பிடிபடாமல் நின்றது. முதல் வருடம் முழுக்க ‘ஆரஞ்சு முதுகு’ என்று ஒரு தனி வகை என் நோட்டில் இருந்தது. ஒரு கார்த்திகை ஞாயிறு காலையில் அந்த ஆரஞ்சு முதுகின் கழுத்தை நீல வளையக்காரன் வால் நுனியால் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் தெரிந்தது, அது செனகலின் இளம் பெண். வயது ஏறும்போது அந்த ஆரஞ்சு பழுப்புப் பச்சையாக மாறும். இதே வகையில் ஆண் மாதிரியே பச்சையும் நீலமுமாக இருக்கும் பெண்களும் உண்டு. அதனால் தனியாக ஒன்றைப் பார்த்துப் பெயர் வைத்துவிடாதீர்கள். ஜோடியாகப் பார்க்கிற வரை நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

ஜோடி சேர்வதைப் பார்ப்பதற்கு ஒரு காலைப் பொழுதை முழுசாக ஒதுக்குங்கள். ஆண் வால் நுனியில் இருக்கும் கொக்கியால் பெண்ணின் கழுத்துப் பக்கத்தைப் பிடிக்கும். பெண் தன் வாலை வளைத்து ஆணின் வயிற்றின் முன்பகுதிக்குக் கொண்டு வரும். ஆணுக்கு விந்து சுரப்பது ஒன்பதாவது கண்ணியில், ஆனால் அதை முன்கூட்டியே இரண்டாவது கண்ணிக்குக் கீழே இருக்கும் பைக்கு மாற்றி வைத்திருக்கும். அதனால்தான் அந்த வளையம், பக்கத்திலிருந்து பார்த்தால் வெற்றிலை மாதிரி. இந்த நேரத்தில் ஆண், முன்பு வேறொரு ஆண் பெண்ணின் உடம்பில் விட்டுப் போன விந்தை வழித்து வெளியே எடுத்துவிடும். அதற்குப் பிறகுதான் தன்னுடையதைச் செலுத்தும். 1979இல் ஜோனதன் வாகே என்கிற அமெரிக்க ஆய்வாளர் ஒரு வகை ஊசித்தட்டானில் இதை முதன்முதலாகக் காட்டினார். செனகலில் இந்த வளையம் பல மணி நேரம் நீடிக்கும். நான் பட்டறைக்குப் போகிற வழியில் பார்த்த ஜோடியைத் திரும்பி வரும்போதும் பார்த்திருக்கிறேன்.

முட்டையிடுவதும் வகைக்கு வகை வேறு. மார்ஷ் டார்ட்டில் ஆண் பெண்ணின் கழுத்தை விடாது. பெண் தண்ணீரில் மிதக்கும் தண்டில் வாலைக் குத்திக்கொண்டிருக்கும்போது, ஆண் அதன் கழுத்தின் மேல் கொடிக்கம்பம் மாதிரி செங்குத்தாக நிற்கும், கால் எதையும் பிடிக்காமல். இன்னொரு ஆண் கிட்டே வரவிடாமல் காவல். செனகல் பெண் தனியாகவே வந்து முட்டையிட்டுப் போகும். பெண்ணின் வால் அடியில் சின்ன அரம் ஒன்று இருக்கிறது. அதனால் தண்டைக் கீறி ஒவ்வொரு முட்டையாக உள்ளே செருகும். முட்டையிட்ட தண்டை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், வரிசையாகத் தையல் போட்ட மாதிரி தெரியும்.

சில தட்டான்களின் மார்புக்கு அடியில் சிவப்பு மணி மணியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அது முட்டை இல்லை, தண்ணீரில் வாழும் ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. தட்டான் தோல் உரித்து வெளியே வரும்போது தொற்றிக்கொண்டு, அதன் சாற்றைக் குடித்து வளரும். ஒரு மார்ஷ் டார்ட்டில் பதினேழு எண்ணினேன், அதோடுதான் அது பறந்துகொண்டிருந்தது.

தண்ணீருக்குள் இருக்கும் குஞ்சைப் பார்க்க டீ வடிகட்டியும் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டும் போதும். வேர் பக்கத்தில் வடிகட்டியை ஒரு தடவை அலசி, கொஞ்சம் ஆற்றுத் தண்ணீரோடு தட்டில் கவிழ்த்துவிட்டு அசையாமல் இருங்கள். ஒரு நிமிஷத்தில் குப்பையிலிருந்து குப்பை மாதிரியே ஒன்று நகரும். வால் நுனியில் மூன்று இலை இருந்தால் அது ஊசித்தட்டானின் குஞ்சு. மூச்சு விட அந்த இலைகள் உதவும். குண்டுத் தட்டானின் குஞ்சுக்கு இந்த மூன்று இலை கிடையாது. முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் உதடு, இரை கிட்டே வந்ததும் கை மாதிரி நீண்டு பிடித்து இழுத்துக்கொள்ளும். கொசுப்புழு ஒன்றைத் தட்டில் விட்டால் அது காணாமல் போவதைத்தான் பார்ப்பீர்கள், பிடித்ததைப் பார்க்க முடியாது, அவ்வளவு வேகம். பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். தட்டை வெயிலில் வைக்காதீர்கள்.

தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டுகளில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் சட்டைகளைத் தேடுங்கள். குஞ்சு தண்டில் ஏறி, முதுகு பிளந்து, சிறகோடு வெளியே வந்ததற்கு அதுதான் சாட்சி. பறக்கும் தட்டான் எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். சட்டை இருந்தால், அது பிறந்தது இந்தக் குட்டையில்தான். நான் தட்டான் கணக்கை விடச் சட்டைக் கணக்கைத்தான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி பருவம். பார்க்கத் தொடங்க ஆவணி நல்ல மாதம். ஆடியில் காற்று தூக்கும், தட்டான் கோரையின் அடியில் ஒளிந்துகொள்ளும். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப் பட்டறை லீவு விடும்போது நான் ஆற்றுக்குப் போவது வழக்கம், ஆனால் பெரும்பாலும் காற்றைத்தான் பார்த்துவிட்டு வருவேன். ஆவணி புரட்டாசியில் சாயங்கால இடிமழை பெய்து ஆறு கொஞ்சம் ஓடும், காலையில் வெயிலும் இருக்கும். மடையில் ஓடுகிற தண்ணீரின் மேல் சாய்ந்த புல்லில் சாஃப்ரன் ஃபேஸ்டு ப்ளூ டார்ட் உட்கார்ந்திருக்கும். உடம்பின் பக்கவாட்டில் நீலம், முகம் காவி. என் கணக்கில் இந்த இரண்டு மாதத்தில்தான் ஒரே நாளில் அதிக வகைகள் கிடைக்கின்றன. ஒரு புரட்டாசி ஞாயிறு ஒன்பது வகை எழுதினேன்.

ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வந்தால் கரைக்கே போகாதீர்கள். மலையில் பெய்த மழை இங்கே வெயில் அடிக்கும்போதும் வந்து சேரும். தண்ணீர் செம்மண் நிறமாக மாறினாலோ, குச்சியும் நுரையும் சேர்ந்து வந்தாலோ, உடனே மேடேறிவிடுங்கள். வெள்ளம் கோரையைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு இரண்டு வாரம் ஒன்றும் இருக்காது. நோட்டில் ‘இல்லை’ என்று எழுதுங்கள். போகாத நாளும், போய் ஒன்றும் பார்க்காத நாளும் ஒன்றல்ல. பின்னால் புரட்டும்போது அந்த ‘இல்லை’தான் உதவும்.

மார்கழி தை மாதத்தில் ஏழு மணிக்கே போங்கள். பனி மூடிய புல்லில் தட்டான்கள் விறைத்து உட்கார்ந்திருக்கும். கண்ணில், மீசை மயிரில், சிறகு நரம்பு ஒவ்வொன்றிலும் பனித்துளி கோத்திருக்கும். விரல் தூரத்தில் போய்ப் பார்க்கலாம், அசையாது. வெயில் தொட்டதும் முன்காலால் கண்ணைத் துடைக்கும், முதலில் ஒரு கண், பிறகு மற்றது. படம் எடுக்க இதை விட நல்ல நேரம் கிடையாது. ஆனால் புல்லை மட்டும் ஆட்டிவிடாதீர்கள். விறைத்த உடம்போடு கீழே விழுந்தால் எறும்புக்குத்தான் போகும்.

இந்த மாதங்களில் ஒரு நாள் மலைக்கும் போய் வாருங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், ஆள்களே வேறு. குப்பனூர் வழியாக ஏறும்போது சாலையைக் கடக்கும் ஓடைகளில் பாறை மேல் ஸ்ட்ரீம் ரூபியைத் தேடுங்கள். உட்கார்ந்திருக்கும்போது கறுத்த சிறகுதான் தெரியும், திரும்பும்போது செம்பும் ஊதாவும் மின்னும், மெருகு போட்ட வெள்ளியைப் பார்த்தே பழகிய எனக்கே அப்படி ஒரு பளபளப்பு புதிது. நிழலில் இலை மேல் கூட்டமாக உட்காரும் பச்சை உடம்புக்காரர்கள் ஃபாரஸ்ட் குளோரி. எஸ்டேட்டுக்குள் நுழைவதென்றால் கேட்டுவிட்டுப் போங்கள். காட்டெருமை நிற்கும் இடத்தில் ஓடைக்கு இறங்காதீர்கள்.

ஊருக்குள் இருப்பவர்கள் திருமணிமுத்தாற்றையும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதுவும் சேர்வராயன் மலைத் தண்ணீர்தான். சாக்கடையும் சாயக்கழிவும் கலந்த பிறகு மற்ற வகைகள் போய், தாங்கக்கூடிய செனகல் மட்டும் அங்கங்கே மிஞ்சியிருக்கிறது. ஒரே நாளில் மலை ஓடையையும் ஊர் ஆற்றையும் பார்த்தால் மனசு கனத்துப் போகும். இருந்தாலும் பாருங்கள், எழுதி வையுங்கள்.

மாசியில் ஓட்டம் நிற்கும். பங்குனியில் குட்டைகள் தனித்தனியாகும். அப்போது கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு குட்டையையும் தனியாக எழுதுங்கள், நீளம் எத்தனை எட்டு, ஆழம் எத்தனை சாண். சின்ன வகைகள் வெந்நீர் மாதிரி இருக்கும் தண்ணீரிலும் சில வாரத்தில் வளர்ந்து சட்டை உரித்துக் கிளம்பிவிடும். குட்டை வற்றுகிறதா, அதற்குள் குஞ்சு வெளியே வருகிறதா என்பது ஒரு ஓட்டப் பந்தயம். நான் அந்த வாரங்களில் ஞாயிறு வரை காத்திருக்காமல் புதன்கிழமையும் சைக்கிளில் போய் வந்துவிடுவேன்.

சித்திரையில் குட்டையும் காய்ந்த பிறகு எல்லாம் செத்துப் போய்விட்டது என்று முதல் இரண்டு வருடம் நான் போவதையே நிறுத்தியிருந்தேன். மூன்றாவது வருடம் வெறும் மணலில் நின்றுகொண்டிருந்தபோது ஆடு ஓட்டி வந்த ஒரு ஆயா கேட்டார்.

“ஏங் கண்ணு, தண்ணியே இல்லாத ஆத்துல என்னத்தப் பாக்கற?”

“ஊசித்தட்டான் இருக்குதான்னு பாக்கறேன் ஆயா.”

“அதுவா? அது ஆத்துல ஏன் இருக்குது? மேல கரட்டுல பாரு, கருவேலஞ் செடியில குச்சியாட்டமாத் தொங்கிட்டிருக்கும். ஆடு ஒரசுனா பத்துப் பத்தாக் கெளம்பும்.”

அவரோடு கரட்டுக்கு ஏறினேன். ஆற்றிலிருந்து கால் மைல் இருக்கும். முள்செடியின் காய்ந்த குச்சிகளில், நிழல் பக்கமாக, பழுப்பு நிறத்தில் அவை தொங்கின. சிறகு பாதி விரிந்திருந்தது. ஸ்ப்ரெட்விங் என்று சொல்லும் குடும்பம், முதலில் சொன்னேனே, அதுதான். இந்த வகைகள் கோடையைத் தண்ணீருக்குத் தூரமாக, நிறம் வராத இளம் தட்டானாகவே கழித்துவிடும். ஜோடி சேராது, முட்டையிடாது, மழைக்குக் காத்திருக்கும். ஆகவே கோடையில் ஆற்றை விட்டுவிட்டுக் கரட்டைப் பாருங்கள். செடியைக் கையால் ஆட்டாமல், குச்சி குச்சியாகக் கண்ணை ஓட்டுங்கள். பழுப்புக் குச்சியில் பழுப்புத் தட்டான், கண் பழக ஒரு பத்து நிமிஷம் ஆகும். ஒன்று தெரிந்துவிட்டால் அடுத்தடுத்துத் தெரியும். வைகாசியில் கோடை மழை ஒன்றிரண்டு பெய்த பிறகு கண்ணின் நிறத்தை மட்டும் கவனியுங்கள். பழுப்பாக இருந்த கண்ணில் நீலம் ஊற ஆரம்பிக்கும்.

சின்ன வயதில் நாங்கள் தட்டான் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டோம். இப்போது என் அக்கா பேரன் என்னோடு கரட்டுக்கு வருகிறான். தொடக்கூடாது, எண்ணலாம் என்று சொல்லியிருக்கிறேன். போன வைகாசியில் முதல் நல்ல மழை பெய்த ஐந்தாம் நாள் அவன் எண்ணிய கருவேலஞ் செடியில் ஒன்றுகூட இல்லை. இருவரும் கீழே ஓடி வந்தோம். தடுப்பணைக்குக் கீழே முழங்கால் அளவு புதுத் தண்ணீர், கலங்கல் இன்னும் தெளியவில்லை. போன வருடத்துக் கோரைத் தண்டு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு ஸ்ப்ரெட்விங் ஜோடி, தண்டைக் கீறிக்கொண்டிருந்தது. ஆணின் கண் முழு நீலம். பேரன் நோட்டை வாங்கி, ‘தாத்தா, மணி 9.20, ஜோடி ஒன்று’ என்று சொல்லிக்கொண்டே எழுதினான்.